பிரமைக்குச் சான்று

தகடு வெட்டும் பிரஸ் மெஷின் தானாகவே இறங்குகிறது என்று துளசிமணி மனுமேல் மனு எழுதினாள். அவளுக்குப் பிரமை பிடித்திருக்கிறது என்று சீட்டு வாங்கி வேலையைப் பறிக்க, மேனேஜர் வரதராஜுலு அவளைக் கம்பெனி மனநல டாக்டரிடம் கூட்டிவந்தார்.

“பிரமைன்னா என்னன்னாவது தெரியுமா உனக்கு?” என்று டாக்டர் சிரித்தார்.

“நீங்களே சொல்லுங்க டாக்டரய்யா.”

“கண்ணெதிரே சான்று இருந்தாலும் விடாமல் பிடித்திருக்கிற பொய் நம்பிக்கை.”

அவள் மேனேஜரைப் பார்த்தாள். “ஏனுங்க, மெஷின் நல்லா இருக்குதுங்களா?”

“நூத்துக்கு நூறு!”

துளசிமணி கதவைத் திறந்தாள். அதே மெஷினில் வேலை பார்த்து, இப்போது வாசலில் நின்ற நாங்கள் ஐந்து பேரும் வலக்கையை நீட்டினோம். ஒருவருக்கும் ஆள்காட்டி விரல் இல்லை.

“சான்று இதுங்க. இப்பச் சீட்டை யார் பேருக்கு எழுதுவீங்க?”

டாக்டர் பேனாவை மூடினார். மறுநாள் வேலையை இழந்தது மெஷின்தான்.