கரடி நட்ட கிளை

மாசி பிறந்ததும் ஊற்றுகள் எல்லாம் வற்றிவிடும் காடு ஒன்றில், ஆற்றுத்துறைக்குச் செல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியைப் பேணும் பொறுப்பைக் கரடி ஏற்றிருந்தது. பொறுப்புக்கு உரிய சிறப்பையும் காடு அதற்குக் குறைவின்றிக் கொடுத்திருந்தது. வழியின் இருபுறமும் நின்ற மரங்களின் தேன் முழுவதும் கரடிக்கே சொந்தம். கரடி எதிரே வந்தால் யானையும் ஒதுங்கி நிற்க வேண்டும். எல்லா விலங்குகளும் அதை "வழிக்காவலரே" என்றுதான் அழைக்க வேண்டும்.

தேனைக் கரடி ஒரு நாளும் மறந்ததில்லை. வழியைத்தான் மறந்தது.

ஒரு நாள் காலையில், துறைக்குச் சென்றுகொண்டிருந்த மான் ஒன்று வழியில் கிடந்த சருகின்மீது கால் வைத்தது. சருகுக்கு அடியில் தரை இல்லை. ஆழமான குழி இருந்தது. மானின் முன்னங்கால் முறிந்தது.

ஆறு வெகு தொலைவு. நடக்க முடியாத மானுக்குக் கோடையில் நீர் இல்லை. நீர் இல்லாமல் மான் பல நாள் தாங்காது. மற்ற மான்கள் ஈரத் தழைகளைக் கொண்டுவந்து போட்டன. அதனால் இரண்டு நாள் கழிந்தது.

மூன்றாம் நாள் குரங்கு வந்தது. "அக்கா, பெரிய இடத்தோடு உனக்கு வழக்கு எதற்கு? நான் தினமும் பழம் கொண்டுவந்து தருகிறேன்" என்றது.

"நேற்றே வருகிறேன் என்றாயே, வந்தாயா?" என்று மான் கேட்டது.

"நேற்று மேற்கே அத்தி பழுத்திருந்தது, அக்கா."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். இரக்கத்தால் வருபவர் நினைத்தபோது வருவார். கடமையால் வருபவரே கால் கூடும்வரை வருவார். போய் யானையாரை அழைத்து வா. எனக்கு நியாயம் வேண்டும்."

அந்தக் காட்டில் வழக்குகளைத் தீர்ப்பது யானை. அதற்குப் பேச்சு குறைவு. மான் படுத்திருந்த புளியமரத்தடிக்கே அது வந்து நின்றது. பிற விலங்குகளும் கூடின. கடைசியாகக் கரடி, வாயைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தது.

"வழிக்காவலரே, உமது வழியில் இந்த மானின் கால் முறிந்திருக்கிறது. என்ன சொல்கிறீர்?" என்று யானை கேட்டது.

"மான் என்றால் துள்ளும்; துள்ளினால் விழும். அதற்கு வழி என்ன செய்யும்? நாற்பது ஆமைகள் இதே வழியில்தான் போகின்றன. ஓர் ஆமைக்காவது கால் முறிந்ததா?" என்றது கரடி.

விலங்குகள் சிரித்தன.

"நான் துள்ளவில்லை, நடந்தேன்" என்றது மான்.

"நடந்தாயானால் கண் எங்கே போயிற்று? அந்தக் குழியின் ஓரத்தில் நான் கிளை நட்டிருக்கிறேன். என் கடமையைச் செய்துவிட்டேன்."

குழி விழுந்த இடத்தில் கிளை நட்டு வைப்பது அந்தக் காட்டின் வழக்கம், குழந்தைகளே. நம் தெருக்களிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். கிளையைக் கண்டவர் விலகிப் போக வேண்டும். விலகாமல் விழுந்தால் குற்றம் விழுந்தவருடையது. ஆகவே விலங்குகள் கரடியின் பேச்சுக்குத் தலையசைத்தன.

மானின் நா வறண்டிருந்தது. "நான் அங்கே கிளை எதையும் பார்க்கவில்லையே" என்று மெல்லச் சொன்னது.

"நீ பார்க்காதது என் குற்றமா?" என்றது கரடி.

யானை கேட்டது: "கிளையை நட்டது நீர்தானா? வேறு யாரும் இல்லையே?"

"என் கையால் நட்டேன். நல்ல ஆலங்கிளை. அந்தப் பெருமையில் வேறு யாரும் பங்கு கேட்க வேண்டாம்."

"நன்று. அதைப் பிடுங்கி வந்து இங்கே காட்டும். மானும் பார்க்கட்டும்."

"இவ்வளவுதானே!" என்று கரடி நிமிர்ந்து நடந்தது. யானையும் மற்ற விலங்குகளும் பின்னே சென்றன.

குழியின் ஓரத்தில் கிளை எதுவும் இல்லை. ஓர் இளமரம் நின்றது. கரடி அந்த மரத்தைச் சுற்றி வந்தது. மேலும் கீழும் பார்த்தது. பிறகு இரு கைகளாலும் அதைக் கட்டிப்பிடித்து இழுத்தது. மரம் அசைந்ததே தவிர, வரவில்லை.

"யாரது, என் வீட்டை ஆட்டுவது?" என்று கிளைகளுக்குள்ளிருந்து ஒரு சின்னான் குருவி சீறியது. "முட்டை உருண்டால் உன்னைக் கொத்தாமல் விடமாட்டேன்!"

"இது வீடு அன்று, எச்சரிக்கை!" என்றது கரடி.

"எச்சரிக்கையா? இரண்டு கோடையாக இதில்தான் குஞ்சு பொரிக்கிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லையே!"

யானை குழியின் அருகே சென்று துதிக்கையால் துழாவியது. மரம் உதிர்த்த இலைகள் குழியை வாய்வரை மூடியிருந்தன. அங்கே கால் வைக்கும் எவரும் அதைச் சமதரை என்றே எண்ணுவர்.

"வழிக்காவலரே, நீர் கிளை நடாதிருந்தால், குழி இருப்பதே தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். நட்டேன் என்றீர். அப்படியானால் கிளை மரமாகும் காலம்வரை உமக்குத் தெரிந்தே குழி கிடந்திருக்கிறது. இப்போது உமது எச்சரிக்கையே குழியை மறைக்கிறது" என்றது யானை.

"மழைக்குப் பிறகு மூடலாம் என்றிருந்தேன்" என்று கரடி முணுமுணுத்தது.

"எந்த மழைக்குப் பிறகு?"

கரடி காலால் சருகைக் கிளறியது.

யானை தீர்ப்புச் சொன்னது: "மானின் கால் கூடும்வரை, காலையும் மாலையும் நீர் அதை முதுகில் சுமந்து துறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். தேனும் உமக்கே இருக்கட்டும்; பட்டமும் இருக்கட்டும். அவற்றை வைத்துக்கொண்டு வேலையை மட்டும் விட்டுவிட உமக்கு உரிமை இல்லை."

"முதலில் குழியை மூடிவிட்டு, நாளைக்குச் சுமக்கிறேனே?"

"மானின் தாகம் இன்றையது" என்றது யானை.

கரடி புளியமரத்தடிக்குத் திரும்பிக் குனிந்தது. மற்ற மான்கள் அடிபட்ட மானை அதன் முதுகில் ஏற்றிவிட்டன.

உச்சிவேளையில் மான் ஆற்றில் வாய் வைத்தது. நிறுத்தாமல் வெகு நேரம் குடித்தது. கரையில் நின்ற கரடி சும்மா நிற்க நாணி, துறையில் கிடந்த கற்களை, கரையில் ஒதுங்கியிருந்த பழங்கூடை ஒன்றில் பொறுக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. வழியில் வேறு குழிகளும் இருந்தன; திரும்பும்போது எதிர்ப்பட்ட முதல் குழியில் அவற்றைக் கொட்டியது. அதன்பின் ஒரு நடையிலும் கூடை வெறுமையாகத் திரும்பவில்லை.

சித்திரை முடிவதற்குள் மான் தானாகவே நடந்து துறைக்குச் சென்றது. வழியில் ஒரு குழியும் இல்லை. அதற்காகக் கரடியை எவரும் புகழவில்லை. அது கரடியின் வேலை.

நீதி: ஆபத்தை நீக்கும் பொறுப்பை ஏற்றவர், அதைச் சுட்டிக்காட்டியதோடு கடமை முடிந்ததென்று தப்பிக்க முடியாது.