ஓரத்தில் ஒரு இட்லி

அந்த ஆசிரமத்தில் ஒரே ஒரு சுவரில்தான் எழுத்து உண்டு. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில், பெரியசாமி தன் கையால் கரியில் எழுதியது: 'தட்டில் மிச்சம் வைக்காதே.'

பெரியசாமி மறைந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவர் சொன்ன பெரிய தத்துவங்களை எல்லாம் அவரவர் வசதிப்படி மறந்துவிட்டார்கள். இந்த ஒரு வரியை மட்டும் யாரும் மீறவில்லை. பக்தி காரணமில்லை. அடுக்களையில் செண்பகவடிவு இருந்தார்.

செண்பகவடிவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினோரு வருஷமாக இருபத்திரண்டு பேருக்குச் சமையல். பெரியசாமிக்குப் பிறகு குருவாக உட்கார்ந்தவர் நாற்பதே வயதான சின்னச்சாமி. முன்னே செண்பகவடிவு அவரைத் தம்பி என்று கூப்பிட்டவர்; இப்போது சாமி என்கிறார். சின்னச்சாமி மட்டும் பழையபடி அக்கா என்றே கூப்பிடுகிறார்.

ஒரு மனுஷன் எந்த வீட்டில் வளர்ந்தான் என்பதற்கு ஜாதகம் பார்க்க வேண்டாம். காலையில் எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தால் போதும். அங்கே ஒருவர் தட்டை இடது கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார். எட்டுப் பிள்ளைகள் இருந்த வீடு. இன்னொருவர் சங்கு ஊதிவிடப் போகிறது என்பதுபோல் விழுங்குவார்; அப்பாவுக்கு மில்லில் வேலை. ஒருவர் காபி வராமல் கண்ணையே திறக்க மாட்டார். வீட்டை விட்டு, சொத்தை விட்டு, பெயரையும் விட்டு வந்தவர்கள்தான். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வதை விட முடியவில்லை.

அந்த வருஷம் தை மாதம் நாறும்பூநாதன் வந்து சேர்ந்தார். அறுபத்தோரு வயது. பஸ் டிப்போவில் டயர் மாற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒரு வருஷம், பிள்ளைகள் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்து, பாத்திரங்களை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பையோடு வந்திருந்தார். திரும்பிப் போக அவருக்கு இடம் கிடையாது.

புதிதாக வருகிறவர் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பேசக் கூடாது. அது முடிந்ததும் அவர் இருக்கலாமா, போக வேண்டுமா என்று சொல்லும் உரிமை குருவுக்கு இல்லை. சோறு போட்டவருக்குத்தான். அதுவும் பெரியசாமி வைத்த ஏற்பாடு.

நாற்பத்தேழாம் நாள் காலை செண்பகவடிவு மாட்டுத் தொழுவத்துக்கு வந்தார். சின்னச்சாமி பசுவுக்குப் புல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, நாளையோட அந்த மனுசனுக்கு மண்டலம் முடியுது."

"ஆமாக்கா."

"நான் வேண்டாம்னுதான் சொல்லப் போறேன்."

"என்ன செஞ்சாரு?"

"மிச்சம் வைக்காரு."

"எவ்வளவு?"

"ஒரு இட்லி."

"வயசாளி. பசி கம்மியா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அஞ்சு போட்டேன், ஒண்ணு மிச்சம். சரின்னு நாலு போட்டேன், அதுலயும் ஒண்ணு மிச்சம். மூணு போட்டேன், ரெண்டு போட்டேன். நானும் விடல. ஒரு நாளு ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாத்தேன்."

"என்ன செஞ்சாரு?"

"பாதி மிச்சம்."

சின்னச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. செண்பகவடிவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"பொங்கலானாலும் ஒரு ஓரம், உப்புமாவானாலும் ஒரு ஓரம். சுவத்துல எழுதியிருக்கதை விரலை நீட்டிக் காட்டுனேன். நல்லாப் படிச்சாரு. தலையை ஆட்டுனாரு. மறுநாளும் வச்சிட்டாரு."

"கடிச்ச இட்லியா?"

"கை படாத இட்லி சாமி. சட்னி கூடப் படாம ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்காரு. தின்னுட்டு முடியாம வச்சாலாவது மனசு ஆறும்."

"தட்டை எங்க வைக்காரு?"

"எல்லாரும் குழாயடியில கழுவிக் கவுத்துதாவ. இவரு மட்டும் அடுக்களை வாசப்படியில கொண்டாந்து வச்சி, ஒரு கும்பிடும் போட்டுட்டுப் போறாரு. எடுத்துக் கழுவ நான் என்ன அவரு வச்ச வேலைக்காரியா?"

"அந்த இட்லிய என்ன செய்யிதீங்க?"

"வேற என்ன செய்ய? கழனிப் பானையில போடுதேன்."

சின்னச்சாமி பசுவைப் பார்த்தார். அது நன்றாகத்தான் தேறியிருந்தது.

செண்பகவடிவு தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்தார். உட்காரும்போது இடது முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அலுப்பா இருக்கு சாமி. ஊறப் போட்டு, ஆட்டி, விடியுமுன்ன எழுந்திரிச்சு ஊத்தி எடுக்கேன். யாரும் நல்லாருக்குன்னு சொல்ல வேண்டாம். ஆனா தெனமும் ஒண்ணைத் திருப்பிக் கொண்டாந்து வாசப்படியில வச்சா, 'நீ செஞ்சது எனக்கு வேண்டாம்'னு சொல்லுத மாதிரி இருக்கு. நாப்பத்தேழு நாளா வாங்கிக்கிட்டு இருக்கேன்."

சின்னச்சாமி கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார்.

"இன்னிக்குக் காலையில நீங்க என்னக்கா சாப்பிட்டீங்க?"

"என் பேச்சு எதுக்கு?"

"சும்மாத்தான் கேக்கேன்."

"எல்லாரும் சாப்பிட்டு எழுந்திரிச்ச பெறகு இருக்கதைப் பாத்துக்கிடுவேன். இல்லன்னா ஒரு கடுங்காப்பி. எனக்குக் காலையில பசிக்காது சாமி. மாமியார் வீட்டுல பதினோரு மணிக்குத்தான் பொம்பளையெல்லாம் தட்டை எடுப்போம். அதுவும் நின்னுக்கிட்டே. அப்படியே பழகிப்போச்சு."

சின்னச்சாமி கீழே கிடந்த புல்லைப் பசுவின் பக்கம் தள்ளிவிட்டார்.

"நாளைக்கு நான் பரிமாறுதேன். நீங்க அவரு பக்கத்துல பந்தியில உக்காருங்க."

"எதுக்கு?"

"முட்டி வலிக்குல்லா. அதுக்குத்தான்."

மறுநாள் காலை செண்பகவடிவு இட்லியை அவித்துக் கொப்பரையை இறக்கினார். அதற்கு மேல் சின்னச்சாமி அவரை அடுக்களையில் நிற்க விடவில்லை.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பந்தியில் உட்கார்ந்தார். காலை எப்படி மடக்குவது என்று தெரியவில்லை. எதிரே இருந்தவர்கள் சாப்பிடாமல் அவரைப் பார்த்தார்கள். சின்னச்சாமிக்குப் பரிமாறவும் தெரியாது. துணியிலிருந்து எடுத்த இட்லியில் பாதிக்கு மேல் உடைந்தது. சட்னியை ஊற்றச் சொன்னால் கொட்டினார். செண்பகவடிவின் கை இரண்டு தடவை தானாகக் கரண்டிக்கு நீண்டு திரும்பி வந்தது.

நாறும்பூநாதன் தட்டில் நாலு இட்லி விழுந்தது. செண்பகவடிவு தட்டிலும் நாலு.

நாறும்பூநாதன் வழக்கம்போல ஒரு இட்லியை ஓரத்துக்குத் தள்ளினார். மற்ற மூன்றை மெதுவாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே செண்பகவடிவின் தட்டைப் பார்த்தார். அந்தத் தட்டில் கை படவில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று செண்பகவடிவு காத்திருந்தார். வேறு விதமாகச் சாப்பிட அவருக்குத் தெரியாது.

"சாப்பிடுங்கக்கா, ஆறிப்போகும்," என்றார் சின்னச்சாமி.

செண்பகவடிவு ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். இட்லி சூடாக இருந்தது. தன் கையால் அவித்த இட்லி சுடச்சுட எப்படி இருக்கும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. இரண்டாவது விள்ளலையும் எடுத்தார். முதல் இட்லி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அவருக்கு நல்ல பசி இருந்தது. அது அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பக்கத்தில் நாறும்பூநாதன் ஓரத்தில் இருந்த இட்லியைத் தன் பக்கம் இழுத்தார். பிட்டு, சட்னியில் தொட்டுச் சாப்பிட்டார். தட்டை விரலால் வழித்தார். எழுந்து, தட்டைத் தானே குழாயடிக்குக் கொண்டுபோனார்.

செண்பகவடிவு பாதித் தட்டோடு எழுந்து பின்னாலேயே போனார்.

"அண்ணாச்சி, நில்லுங்க. இன்னியோட மண்டலம் முடிஞ்சிட்டு. இனிமே நீங்க பேசலாம்."

அவர் தட்டோடு திரும்பினார்.

"இன்னிக்கு மட்டும் ஏன் மிச்சம் வைக்கல?"

நாறும்பூநாதன் தொண்டையைச் செருமினார். நாற்பத்தெட்டு நாளாகப் பேசாத குரல், முதலில் காற்றுதான் வந்தது.

"நீங்கதான் சாப்பிட்டுட்டீங்களே தங்கச்சி."

செண்பகவடிவுக்குச் சட்டென்று புரியவில்லை.

"எங்க அப்பா அப்படித்தான். அடுப்படியில நிக்க ஆளுக்கு ஒரு பங்கை இலையில ஒதுக்காம எழுந்திரிக்க மாட்டாரு. நாங்க ஆறு பேரு. அவரு ஒதுக்கலன்னா எங்க அம்மைக்கு ஒண்ணும் இருக்காது. நானும் வீட்டுக்காரிக்கு அப்படியே செஞ்சு பழகிட்டேன். அவ போன பெறகும் கை அதுபாட்டுக்கு ஒதுக்குச்சு. ஒதுக்கி வச்சிட்டு, தின்ன ஆளில்லாமப் பாத்துக்கிட்டே இருப்பேன்." அவர் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பினார். "இங்க வந்த மொத நாளு எழுத்தைப் படிச்சேன். விட்டிரணும்னுதான் நெனச்சேன். தண்ணி குடிக்க அடுக்களைப் பக்கம் வந்தா, நீங்க கடுங்காப்பியோட நின்னுக்கிட்டு இருந்தீங்க. கொப்பரை காலி."

"ஒரே ஒரு இட்லி போட்டேனே, அன்னிக்கு?"

"அன்னிக்கு மாவு கொறவுன்னு நெனச்சிட்டேன்."

செண்பகவடிவு கையிலிருந்த தட்டைப் பார்த்தார். அந்தப் பாதி இட்லியைப் பானைக்குள் வீசியபோது தண்ணீர் தன் சேலையில் தெறித்தது ஞாபகம் வந்தது. அழுகை வந்தால் தேவலை என்று இருந்தது. கோபம்தான் வந்தது.

"ஏன் அண்ணாச்சி, ஒதுக்கி வைக்கத் தெரிஞ்ச உங்க அப்பாவுக்கு, 'நீயும் வந்து கூட உக்காரு'ன்னு உங்க அம்மையைக் கூப்பிடத் தெரியாதா?"

நாறும்பூநாதன் யோசித்தார். குழாயை மூடிவிட்டும் யோசித்தார்.

"அது எங்க வீட்டுல யாருக்கும் தோணலயே தங்கச்சி. எனக்கும் தோணல. முப்பத்தி நாலு வருசம் அவளுக்கு ஒதுக்கி வச்சேன். ஒரு நாளும் கூப்பிடல."

அவர் கழுவிய தட்டைக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்து வரத் தன் அறைக்குப் போனார். தன்னைப் பற்றி என்ன சொல்லப்படும் என்பது அவருக்குத் தெரியாது.

செண்பகவடிவு அடுக்களைக்குள் வந்தார். சின்னச்சாமி காலிக் கொப்பரையை ஓரமாகத் தள்ளி வைத்து, ஈரத்துணியில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் வைத்துவிட்டார்; அவருக்கு ஒன்றும் இல்லை.

"என்னக்கா சொல்லுதீங்க, அவரைப் பத்தி?"

"பையைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

"சரி."

"பந்தியில எனக்கும் ஒரு தட்டு போடணும். பரிமாற ஆளு மாத்தி மாத்தி வரட்டும்."

"சரி."

செண்பகவடிவு தன் தட்டில் மீதி இருந்த இரண்டு இட்லியில் ஒன்றை எடுத்துச் சின்னச்சாமியிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும் சாமி. அவரு எதுக்கு மிச்சம் வைக்காருன்னு நேத்தே உங்களுக்குத் தெரிஞ்சிட்டு. எப்படி? உங்க வீட்டுலயும் இப்படி ஒதுக்கி வைப்பாங்களா?"

சின்னச்சாமி இட்லியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இல்லக்கா. நாங்க அஞ்சு ஆம்பளைப் பிள்ளைய. தட்டை வழிச்சு நக்கிட்டுத்தான் எழுந்திரிப்போம். எங்க அம்மையும் காலையில பசிக்காதுன்னுதான் சொல்லுவா. அவ சாகுத வரைக்கும் நான் அதை நம்பிக்கிட்டு இருந்தேன்."