காலிப் பக்கம்

தேன்மலை அடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் சமைக்கலாம், பெருக்கலாம், பாடலாம். வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கும் வேலையை மட்டும் குருவே ஆள் பார்த்துக் கொடுப்பார். முன்பு வாசலில் நின்றவர் காசி யாத்திரை போய்விட, அந்த இடம் காலியாக இருந்தது.

பரஞ்சோதிக்கு அதன்மேல் ஒரு கண்.

ஐம்பத்தாறு வயது அவருக்கு. சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர், மனக்கசப்போடு வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். குரு மரகதவல்லி அம்மையார் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை ஐயா என்பார்.

"அம்மா, வாசல் வேலையை எனக்குக் கொடுங்களேன்."

"கிரிவலத் திருவிழா வருது ஐயா. தங்க இடம் கேட்டு நம்ம இணையதளத்துல பல ஊர்லேருந்து எழுதுறாங்க. தமிழ்ல எழுதினா மட்டும்தான் நமக்குப் புரியுது. முதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்புறம் பேசலாம்."

பரஞ்சோதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கோ தூரத்துக் கணினிகளில் ஓடும் மொழிபெயர்ப்புச் சேவை ஒன்றில் மடத்தின் பெயரைப் பதிந்தார். அவர்கள் கொடுத்த, கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவியைத் தான் எழுதிய நிரலுக்குள் பத்திரமாக வைத்தார். இனி யார் எந்த மொழியில் எழுதினாலும், எழுதியது அந்தச் சேவைக்குப் போகும், தமிழாகித் திரும்பும், மடத்துக் கணினியில் தெரியும்.

முதல் விண்ணப்பம் மைசூரிலிருந்து, கன்னடத்தில் வந்தது. 'நாங்கள் புதுமணத் தம்பதி. உடன் மாமியார் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி, கீழ்த்தளத்தில் அறை வேண்டும். எங்களுக்கு மேல்தளம் போதும். மிக மேலே இருந்தாலும் சரி' என்று தமிழில் வந்து நின்றது.

மடமே சிரித்தது. சமையற்கட்டைக் கவனிக்கும் வீராயி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அட, பெட்டிக்குக் கன்னடம் தெரியுதே! பெங்களூர்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டியும் எனக்கு வரலையே!"

பரஞ்சோதிக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்.

திருவிழா அன்று காலை, கணினியில் அன்றைய விண்ணப்பப் பக்கம் காலியாக இருந்தது.

"இன்னிக்கு ஒருத்தரும் கேக்கலையா?" என்றார் வீராயி. "அரிசியை ஊறப்போட்டுட்டேனே!"

"ஒரு விண்ணப்பமும் இல்லை. பக்கம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு பாருங்க."

மதியம் வாசலுக்கு வெளியே மத்தளச் சத்தம் கேட்டது. அம்மையார் எழுந்து போனார். பரஞ்சோதியும் பின்னால் போனார்.

எதிரே நாவல் மரத்தடியில் ஒரு கூட்டம். மூட்டையும் முடிச்சுமாக உட்கார்ந்து, தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து, "ஒடிசா, ஒடிசா" என்று மார்பைத் தொட்டுச் சொல்லிவிட்டுத் தன் கைபேசியை நீட்டினார். வட்ட வட்டமான எழுத்தில் அவர் காலையில் அனுப்பிய விண்ணப்பம் இருந்தது. அதன் கீழே, 'பதில் வரும்வரை காத்திருக்கவும்' என்று மடத்தின் அறிவிப்பு. ஒவ்வொரு மொழியிலும் அதை எழுதி வைத்தவர் பரஞ்சோதிதான். அவர்களும் அதற்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தார்கள்.

அம்மையார் கைகூப்பினார். உள்ளே கைகாட்டினார். கூட்டம் ஆரவாரத்தோடு எழுந்து, பாட்டை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.

பரஞ்சோதி கணினிக்கு ஓடினார். மொழிபெயர்ப்புச் சேவை விடிந்ததிலிருந்து மூச்சே காட்டவில்லை.

"என்ன ஆச்சு ஐயா?" என்று அம்மையார் வந்து கேட்டார்.

"சேவை பதில் தரலைம்மா. அது தராட்டி பக்கத்துல ஒண்ணையும் காட்டாதேன்னு நிரல்ல எழுதி வெச்சிருக்கேன்."

"ஏன் அப்படி?"

பரஞ்சோதியின் முகம் சிவந்தது. "பழைய ஆபீஸ்ல ஒரு தடவை நான் எழுதின இணையப் பக்கத்துல எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வந்துடுச்சு. 'என்னய்யா இது, குளியலறைக்கு ஓடு பதிச்சிருக்கே?'ன்னு மேலாளர் அத்தனை பேர் முன்னால கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. வருஷம் பன்னிரண்டு ஆச்சு. இன்னமும் அவன் பேரைக் கேட்டா எனக்குச் சோறு இறங்காது. புரியாத எழுத்து இனி என் பக்கத்துல வரவே கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அந்தக் கட்டத்தை அனுப்பினது யாரு?"

"யாரோ ஒரு வாடிக்கையாளர்."

"அவருக்கு என்ன வேணுமாம்?"

"அதை... யாரும் பார்க்கலைம்மா."

அம்மையார் கூடத்துக்குப் போய் ஒடிசாப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியவர் பேசத் தொடங்கினார். மலையைக் காட்டினார், தன் பாதத்தைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். இடையில் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பாதத்தைக் காட்டியபோது அம்மையார் பாதத்தைப் பார்த்தார். அவர் சிரித்தபோது சிரித்தார். பேச்சு முடியும்வரை அசையவில்லை.

பின்னாலேயே வந்திருந்த பரஞ்சோதி குனிந்து மெல்லக் கேட்டார். "உங்களுக்கு ஒடியா தெரியுமாம்மா?"

"தெரியாது."

"அப்ப இவ்வளவு நேரம் என்ன கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"அவர் சொன்னதை."

பரஞ்சோதி அம்மையாரின் பக்கத்தில் உட்கார்ந்தார். "சேவை பதில் தராதப்ப பக்கத்துல என்னம்மா காட்டுறது?"

"அவங்க எழுதினதை."

"நமக்குப் புரியாதே!"

"ஆள் வந்திருக்குன்னு புரியுமில்ல?"

பரஞ்சோதி ஓடினார். நிரலில் அந்த ஒரு வரியை அழித்தார். பக்கம் பொலபொலவென்று நிரம்பியது. கொடியில் காயப்போட்ட துணிபோலத் தொங்கும் எழுத்து, சுருண்ட எழுத்து, கொக்கி போட்ட எழுத்து. ஒன்றையும் அவரால் படிக்க முடியவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தார். பிறகு சமையற்கட்டுக்குப் பாய்ந்தார்.

"வீராயி! வர்றாங்க!"

"யாரு?"

"தெரியாது!"

"எந்த ஊரு?"

"தெரியாது!"

"எத்தனை பேருன்னாவது சொல்லுங்க!"

"அதுவும் தெரியாது!"

"என்னதான்யா தெரியும் உங்களுக்கு?"

"வர்றாங்க! நிறைய பேர் வர்றாங்க!"

வீராயி தலையில் அடித்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார்.

அம்மையார் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார். "ஐயா, போய் மடத்து வாசல்ல நில்லுங்க."

"நானா? காலையிலேருந்து அத்தனை பேரை வெளியில உட்கார வெச்சவன்மா நான். வர்றவங்க பேச்சுல ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது."

"அதனாலதான் ஐயா அனுப்புறேன். ஓடுங்க, வந்துட்டாங்க."