அப்பளம் கடித்துப் பிடித்த நாடு

முதல் அப்பளத்தைக் கடித்ததுமே அந்த நாட்டு ராணுவம் என்னைச் சுற்றி நின்றுவிட்டது. துப்பாக்கி, பீரங்கி எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒருத்தன் வாயிலிருந்தும் சத்தம் இல்லை. ஏனென்றால் அது சத்தமே போடக்கூடாத நாடு. அங்கே நாய்கூட வாலால்தான் குரைக்கும்.

இந்த இடத்திலேயே தனபாக்கியம் அக்கா கையை நீட்டி நிறுத்தியது. அக்காதான் எங்கள் அப்பளக் கம்பெனிக்கு முதலாளி.

"உன்னை நான் புனலூருக்குத்தானடா அனுப்பினேன்?"

உண்மைதான். மறுக்கவில்லை. மதுரையைத் தாண்டி ஒரு கடையிலும் எங்கள் அப்பளம் கிடையாது. கேரளாவுக்குள் நுழைந்து பார்ப்போம் என்று அக்காவுக்கு ஆசை. ஒரு சாக்கு நிறைய சாம்பிள், ருசி காட்டப் பொரித்தது ஒரு டின். ஆர்டரோடு வந்தால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் இந்தப் பக்கமே தலைகாட்டாதே என்று சொல்லித்தான் அனுப்பியது. நான் தலைகாட்டினேன். சாக்கு காலி, ஆர்டரும் கையில் இல்லை. இனி என் வேலை என் வாயில்தான் இருந்தது.

அதனால் விளக்கமாகவே சொன்னேன். பப்படம் சாப்பிடுகிறவனிடம் போய் அப்பளம் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. நான் நேராக வெளிநாட்டுக்கே போய்விட்டேன். வெளிநாட்டுச் சந்தையில் கம்பெனி எப்படி நுழைகிறது என்று பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் வாத்தியார் வாரக்கணக்கில் நடத்தினார். முதலில் ஊரை ஆராயணும், அப்புறம் உள்ளூர் ஆளோடு கூட்டுச் சேரணும், அப்புறம் இன்னும் என்னவோ. அந்தப் பாடத்தோடுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நுழையணும் என்றால் நுழைய வேண்டியதுதானே.

லோடு ஆட்டோ ஓட்டும் சிக்கந்தர் அண்ணன், பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்டார். எல்லைக் காவலில் நின்றவர்களிடம் பொரிக்காத அப்பளம் ஒன்றை எடுத்து நீட்டினேன். வட்டமாக இருந்ததா, ஏதோ அரசாங்க முத்திரை என்று நினைத்து சல்யூட் அடித்து உள்ளே விட்டார்கள். அப்படியென்றால் தோளில் கிடக்கிற துண்டு ஏன் ஈரமாக இருக்கிறது, குற்றாலத்தில் இப்போது சீசனாமே என்றார். கடல் தாண்டிப் போனவன் துண்டு காய்ந்தா இருக்கும்? கேள்வி கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துக் கேட்கணும்.

ராணுவத்துக்கு வருகிறேன். தளபதி என்னை முறைத்தார். கோபத்தில் அவர் உச்சந்தலையில் அனல் அடித்தது. வீணாகப் போகிறதே என்று ஒரு அப்பளத்தை அதற்கு மேலே காட்டினேன். ரெண்டு பக்கமும் திருப்பி, கருகாமல் சுட்டு, அவர் வாயிலேயே வைத்துவிட்டேன். நொறுக். பிறந்ததிலிருந்து அந்த வாய் போட்ட முதல் சத்தம் அது. மனுஷன் அழுதுவிட்டார்.

மாவு பிசைந்துகொண்டிருந்த பாண்டியம்மா அக்கா சிரித்த சிரிப்பில் உருண்டை கீழே விழுந்தது. "டேய் தரணி, அந்தச் சூட்டுல எனக்கு ஒரு வாய் காப்பி போட்டு எடுத்தாந்திருக்கலாம்லடா."

எடுத்துவந்தேன், வழியில் ஆறிவிட்டது என்றேன்.

அப்புறம் அந்த அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டது. சத்தம் வராத அப்பளமாகக் கொடுத்தால் விற்றுக்கொள்ளலாம். ஊருக்குத் தகுந்த மாதிரி சரக்கை மாற்றினால்தான் வியாபாரம், அது எனக்கே தெரியும். ரசத்தில் ஊறப்போட்டுக் கொடுத்தேன். ரசத்துக்கு எங்கே போனாய் என்று யாரும் கேட்கவேண்டாம். ஆனால் நொறுங்குகிற ருசியைப் பார்த்த ஜனங்கள் ஊறினதைத் தொடவில்லை. கம்பளிக்குள் புகுந்து கடித்தார்கள். கிணற்றுக்குள் இறங்கிக் கடித்தார்கள். கிணறு எதிரொலித்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. பிடிக்க வந்த போலீஸும் கிணற்றுக்குள் இறங்கி, மேலே வரவே இல்லை. கடைசியில் ராஜாவே சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, உச்சி வெயிலுக்கு நாடு மொத்தமும் ஒண்ணாகக் கடிக்கலாம் என்று உத்தரவு போட்டார்.

கடித்தார்கள் பாருங்கள். ஒரு மலை பயந்து நாலு அடி தள்ளி உட்கார்ந்தது. மேகம் விரிசல் விட்டது. பக்கத்து நாட்டு ராஜா, குண்டு போடுகிறார்கள் என்று நினைத்து வெள்ளைக் கொடியோடு ஓடிவந்து சரணடைந்தார். அந்தக் கொடியை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கையிலும் ஒரு அப்பளம் கொடுத்தேன். ரெண்டாவது நாட்டுக்குள் நான் நுழையவே இல்லை. நாடுதான் என் சாக்குக்குள் நுழைந்தது. அப்படிக் காலியானதுதான் இந்தச் சாக்கு.

"ஆர்டர் எங்கடா?" என்றது தனபாக்கியம் அக்கா.

கொடுத்தார்கள். ரெண்டு ராஜாவும் கொடுத்தார்கள். ஆனால் பழக்கதோஷம், காதோடு காதாகத்தான் சொன்னார்கள். அத்தனை நொறுக்கையும் கேட்ட காது, அடைத்துப்போயிருந்தது. எத்தனை லட்சம் என்று சரியாக விழவில்லை. திரும்பக் கேட்டால் கம்பெனிக்கு மரியாதை இல்லையே என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு நாடு பிடிச்சது போதும். மாடியில காயிற அப்பளத்தை எல்லாம் மழைக்கு முன்னால அள்ளி உள்ள வையி. ஒழுங்கா அள்ளினேன்னா நாளைக்கும் வேலைக்கு வா."

சரிக்கா என்று எழுந்தேன். படியில் ஒரு காலும் வைத்துவிட்டேன். அப்போது பார்த்து சிக்கந்தர் அண்ணன், ஆமாம், அந்த ரெண்டாவது ராஜாவுக்குப் பொண்ணு எதுவும் இருந்துச்சா என்று கேட்டுத் தொலைத்தார்.

இருந்தது. ரெண்டு பொண்ணு. பெரியவளைப் பற்றிச் சொல்லி முடிக்கும்போது ஜன்னல் தகரத்தில் மழை சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. சின்னவள் பாக்கி இருந்தாள். அவளை எப்படிப் பாதியில் விடுவது?

அள்ளவில்லை.