கடைசி விரற்கடை

"எல்லாருக்கும் நேரா உடையுது. எனக்கு மட்டும் ஏம்மா கோணிக்கிட்டுப் போகுது?" என்று கேட்டார் தேவசகாயம்.

முப்பது வருஷம் சர்வேயராக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றவர். ஊரார் வயலிலெல்லாம் நேர்கோடு போட்ட மனிதருக்கு ஒரு முழ அக்ரிலிக் தகடு வசப்படவில்லை.

ஜரீனாவுக்கு அவர் வயதில் பாதிதான். பாளையங்கோட்டையில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருந்தாள். கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே அவர் அவளைக் குருவே என்று கூப்பிட்டார். அவளும் மறுக்கவில்லை.

அவர் மனைவி ரெபேக்கா இத்தனை நாள் வீட்டில் தைத்தவள். திங்கட்கிழமை தையல் கடை திறக்கிறாள். பலகை மட்டும் அவர் கையால் ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். வாழ்நாளில் அவள் வாய்திறந்து கேட்டது அந்த ஒன்றுதான்.

வீட்டில் வைத்து வெட்டியதில் நான்கு தகடு பாழாகிவிட்டது. மிச்சம் ஒன்று. அதுவும் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஜரீனா சொல்லிக் கொடுத்ததில் அவர் எதையும் விடவில்லை. தகட்டின் மேல் ஒட்டிய தாளை உரிக்கவில்லை. இரும்பு ஸ்கேல் வைத்து, கொக்கிக் கத்தியால் அழுத்தாமல், ஒரே கோட்டில் பத்துத் தடவை இழுத்தார். கோட்டை மேசை விளிம்பில் பொருத்தி, தயங்காமல் ஒரே அமுக்கில் ஒடித்தார்.

அவர் கொண்டுவந்த நான்கு துண்டுகளையும் ஜரீனா வரிசையாக வைத்துப் பார்த்தாள். நான்கும் நேராக வந்து, கடைசி விரற்கடையில் திரும்பியிருந்தன.

"இந்த இடத்துல கத்தி எங்க போச்சு சார்?"

"எங்கயும் போகல. தூக்கிட்டேன்."

"ஏன்?"

"தாண்டுனா மேசையில கீறிரும்லா."

அது ரெபேக்கா சீராகக் கொண்டுவந்த தேக்கு மேசை என்றார். வந்த அன்றே ரெக்சின் விரித்தவர், இன்றுவரை சூடான டம்ளரைக்கூட அதன்மேல் வைக்க விட்டதில்லை. சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஜரீனா தன் மேசையிலிருந்த தாள்களை ஒதுக்கி, அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். பித்தவெடிப்புக் குதிகால்போல் ஓரமெல்லாம் கீறல்.

"கோடு தகட்டோட ஓரம் வரைக்கும் போகலேன்னா அந்த இடத்துல கோணத்தான் செய்யும் சார்."

"என்னால முடியாது குருவே. அது அவ அப்பா பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்தது."

ஜரீனா வேறு பேச்சை எடுத்தாள்.

"அக்கா எதுல வச்சுத் துணி வெட்டுறாங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. வேலைக்குப் போன காலமெல்லாம், சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது எல்லாம் ஒதுங்கவைத்துத்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றிய கையோடு ரெக்சினைத் தூக்கினார்.

மேசையின் ஒரு பாதி முழுக்கக் கத்திரி பட்ட வெட்டு. துணியில் அடையாளம் போட உருட்டும் பல்சக்கரத்தின் புள்ளிகள், வரிசை வரிசையாக.

பின்னால் ரெபேக்கா நின்றிருந்தாள்.

"இது எப்போ?"

"கல்யாணமான வருசமே."

"சொல்லவே இல்லியே."

"நீங்க அவ்வளவு ஆசையா பொத்தி வச்சிருந்திய. மனசு கஷ்டப்படுவியளேன்னுதான்."

அவர் ரெக்சினை மடித்து மூலையில் வைத்தார். கடைசித் தகட்டை வெறும் மரத்தின்மேல் போட்டு, கத்தியை எடுத்து இழுத்தார். அது தகட்டின் விளிம்பைத் தாண்டி இறங்கி, அவள் புள்ளிகளின் நடுவே ஒரு கோடு போட்டது.