வாபஸ் வாங்காத புகார்

சவரியப்பன் கன்னியர் மடத்து வாசலுக்கு வந்தபோது சிஸ்டர் எமரென்சியா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். சவரியப்பனைவிட சிஸ்டர் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு அவர்தான். கொத்தனார் வேலை போக மீதி நேரத்தில் சவரியப்பன், கோவிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் வேதியர் ஆவதற்கு அவரிடம் படித்துவந்தார்.

அன்று அவர் படிக்க வரவில்லை. சட்டை தோளில் கிழிந்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

"கேள்விப்பட்டேன்" என்றார் சிஸ்டர். "உங்க வாயால சொல்லுங்க."

முந்தின நாள் சவரியப்பனின் அண்ணன் சூசைக்கு அடக்கம். கீழத்தெருவில் யார் செத்தாலும் பெட்டி வயல் வரப்பு வழியாகத்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். மேல்சாதிக்காரர்கள் இருக்கும் பெரிய தெரு வழியாக விடமாட்டார்கள். அது அந்த ஊர் வழக்கம். நடவு சமயம், வரப்பெல்லாம் சேறு. சவரியப்பன் மரச்சிலுவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பெரிய தெருவுக்குள் முதல் ஆளாக நுழைந்தார்.

பாதித் தெருகூடத் தாண்டவில்லை. பிரிட்டோ குறுக்கே வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கோவிலில் முன்வரிசையில் முழங்கால் போடுகிறவன். சிலுவையைப் பிடுங்கி எறிந்தான். சவரியப்பனை நெஞ்சில் உதைத்தான். வந்தவர்கள் பயந்துபோய்ப் பெட்டியை வரப்புக்கே திருப்பினார்கள்.

"சேத்துல கால் வழுக்கிடுச்சு, சிஸ்டர். பெட்டி சாஞ்சிடுச்சு. உள்ள எங்க அண்ணன் உருண்ட சத்தம் கேட்டுச்சு."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடைந்தது. கிழிந்த சட்டைத் தோளிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலையிலிருந்து ஆள் மாத்தி ஆள் வந்து சொல்றாங்க. நீ வேதியர் ஆகப்போறவன், மன்னிச்சு விட்டுடுன்னு. மன்னிக்கிறதுன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கிறதா?"

சிஸ்டர் கையிலிருந்த தீனியை மொத்தமாகக் கொட்டினார். உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியோடு வந்தார்.

"ஏறுங்கண்ணே."

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு."

சவரியப்பன் நகரவில்லை. "வேதியர் ஆகப்போறவன் புகார் கொடுக்கலாமா?"

"விசாரணையில அறை வாங்கினப்போ ஆண்டவரே சும்மா இருக்கல. என்னை எதுக்கு அடிக்கிறன்னு கேட்டாரு. ஏறுங்க."

ஸ்டேஷனில் ஏட்டு பேனாவையே எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே கோவில். உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கலாமே, சிஸ்டர்?"

"பேசிப் பேசித்தான் இவங்க இத்தனை வருஷமா வரப்புல போறாங்க. எழுதுங்க. இல்லன்னா எஸ்.பி. ஆபீஸுக்குப் போறோம்."

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். சவரியப்பனின் சட்டையைப் பார்த்தார். ஒரு நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றார்.

சவரியப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏட்டு எழுதினார். சொல்லச் சொல்ல மூச்சு சீராக வந்தது. ஜீப் போனது.

பிரிட்டோவைக் கூட்டிவந்தார்கள். உள்ளே நுழைந்தவன் சவரியப்பன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"இவனெல்லாம் நாற்காலியில உக்காருவான், நான் நிக்கணுமா?"

"என் ஸ்டேஷன்லயே வந்து இப்படிப் பேசுறியாடா?" இன்ஸ்பெக்டர் மூலையிலிருந்த லத்தியை எடுத்தார்.

முந்தின இரவு முழுக்க சவரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிட்டோ அடி வாங்குவதை. அலறுவதை. கீழே விழுவதை.

முதல் அடி முதுகில் விழுந்தது. பிரிட்டோ அலறிக்கொண்டு கீழே விழுந்தான். லத்தி மறுபடி உயர்ந்தது. "சார்!" என்று சிஸ்டர் எழுவதற்குள் சவரியப்பன் நடுவில் நின்றார். இரண்டாவது அடி அவர் நீட்டிய கையில் விழுந்தது.

"யோவ், பைத்தியமா உனக்கு?"

"அடிக்காதீங்க, சார்."

"அப்ப புகாரை வாபஸ் வாங்குறியா?"

"இல்ல, சார். புகார் இருக்கட்டும். எத்தனை தடவை கூப்பிட்டாலும் கோர்ட்டுக்கு வர்றேன். அவன் செஞ்சதைச் செஞ்சான்னுதான் சொல்லுவேன். அடி மட்டும் வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் லத்தியை மேஜைமேல் போட்டார். தரையில் கிடந்த பிரிட்டோ, சவரியப்பனின் வீங்கிவரும் கையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்கள் கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் வாசல்வரை வந்தார். "அடுத்த தடவை பெரிய தெரு வழியாவே போங்க. நானே வந்து நிக்கிறேன்."

சொன்னபடியே வந்து நின்றார். சூசையின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், கீழத்தெரு முழுக்கச் சிலுவையோடு பெரிய தெருவில் நடந்தது. சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து, கூட்டம் கடக்கும்வரை மரியாதையாகத் தலையில் முக்காடு போட்டு நின்றாள். ஜாமீனில் வந்திருந்த பிரிட்டோ கண்ணில் படவில்லை. யாரும் தடுக்கவில்லை. சவரியப்பனின் அண்ணி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபம் முடிந்து, எல்லோரும் கலைந்தார்கள். சவரியப்பன் சிஸ்டரிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"எல்லாரும் என்னைப் பெரிய மனுஷன்னு சொல்றாங்க, சிஸ்டர். அவனை மன்னிச்சிட்டேனாம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"மன்னிக்கல. பெட்டி சாஞ்சது ஞாபகம் வந்தா இப்பவும் வயிறு எரியுது. அன்னைக்கு எதுக்குக் கையை நீட்டினேன்னு எனக்கே தெரியல. யோசிச்சிருந்தா நீட்டியிருக்கவே மாட்டேன்."

சிஸ்டர் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வீக்கம் வடிந்திருந்தது.

"கை முன்னாடி போயிடுச்சு, அண்ணே. மனசு பின்னால நடந்து வரட்டும்."