தேரடியில் சுண்டிய சாமிக்காசு

அரைக்காணிப்பட்டியில் முட்டாள்கள் அதிகம் என்று பக்கத்து ஊரார் சொல்வது மிகை. ஊரின் மக்கள்தொகைக்கு மேல் அங்கே ஒருவர்கூட இல்லை.

அன்று தேரோட்டம். முதல் பரிவட்டம் யாராவது ஒருவர் தலையில் ஏறினால்தான் தேர் நகரும். அது ஆவுடையப்பனுக்கா, அவன் மைத்துனன் கோமதிநாயகத்துக்கா என்று தீராமல் தேர் நின்றது. மகளைப் பெண் பார்த்துப் போன வீட்டாரை, "நமக்குத்தான் பரிவட்டம், வந்து பாருங்க" என்று ஆவுடையப்பன் அழைத்திருந்தான். அவர்களும் வந்து முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"காசு சுண்டிப் பாத்துருவோம்" என்றார் தர்மகர்த்தா குற்றாலிங்கம். தோதாக அவரிடம் கும்பாபிஷேக நினைவு வெள்ளி நாணயம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மயில்மேல் முருகன், மறுபக்கம் நூறு. பெட்டிக்குள் இருந்த சீட்டில் 'கை படக்கூடாது' என்று அச்சிட்டிருந்ததால், தோசைக்கரண்டியால் சுண்டினார்கள்.

"எனக்கு முருகன்" என்றான் ஆவுடையப்பன்.

"எனக்கும் முருகன்தான். சாமிக்கு எதிரா நான் எப்படி அத்தான் கேப்பேன்?"

நூறு விழுந்தது. இருவரும் தோற்றார்கள். மறுபடி சுண்டியதில் முருகன் விழுந்தார். இருவரும் ஜெயித்தார்கள்.

ஆவுடையப்பன் ஆழ்ந்து யோசித்தான். "கோளாறு அந்த நூறுலதான் இருக்கு அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் சாமி இருந்துட்டா நான் தோக்கவே வழி இல்ல."

"எனக்கும் அதான் சௌகரியம்" என்று கோமதிநாயகம் வீட்டுக்கு ஓடித் தன்னிடமிருந்த அதே நாணயத்தை எடுத்து வந்தான். இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டப் பசை தடவும்போது குற்றாலிங்கம் தடுத்தார்.

"சாமிக்குச் சாமி முதுகு காட்டலாமா வே? முகத்துக்கு முகம் வச்சு ஒட்டும்."

நியாயம்தான். அப்படியே ஒட்டினார்கள். பதினோரு தடவை சுண்டினார்கள். பதினோரு தடவையும் நூறு.

ஆவுடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமிக்கு என்மேல கோவமா அண்ணாச்சி?"

குற்றாலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். "கோவமெல்லாம் இல்ல. மணி பன்னிரண்டரை. நடை சாத்தியாச்சு. இனி நாலு மணிக்குத்தான் தரிசனம்."

எல்லோருக்கும் மனசு லேசானது. சம்பந்தி வீட்டார் உட்பட அனைவரும் தேர் நிழலில் உட்கார்ந்தார்கள்.

நாலு மணிக்குக் குருக்கள் சாவிக்கொத்தோடு வந்தார். நாணயத்தின் இரு பக்கமும் குனிந்து பார்த்தார்.

"பூட்டு எந்தப் பக்கம்?"

"அது தெரியல. ஆனா கை படாமத் திறங்க சாமி" என்று ஆவுடையப்பன் தோசைக்கரண்டியை நீட்டினான்.